நஜீர் சாப் கொண்டுவந்த அதிகாரப் பரவல்: எதை மாற்றினார், எது நின்றது, பெங்களூரு வார்டுகளுக்கு அதில் என்ன இருக்கிறது?

அல்சூர்_வாசகி எழுதியது:

மைசூரில் இருக்கும் ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனத்துக்கு அப்துல் நஜீர் சாப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கர்நாடக கிராமங்களில் இன்றும் அவரை 'நீர் சாப்' என்றுதான் சொல்கிறார்கள். போர்வெல் போட்ட மந்திரி என்ற அளவில் நம்மவர்களுக்கும் தெரியும். அவர் கொண்டுவந்த 1983 பஞ்சாயத்துச் சட்டத்தைப் பற்றித் தமிழில் தேடினால் இரண்டு வரிக்கு மேல் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அந்தச் சட்டம் அலுவலகத்துக்குள் உண்மையில் எதை மாற்றியது? பிறகு ஏன் சரிந்தது? இப்போது பெங்களூரை 5 மாநகராட்சியாகப் பிரித்திருக்கிறார்கள், இதில் வார்டு மட்டத்தில் அதிகாரம் வந்ததா இல்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? சட்டப்பிரிவு தெரிந்தவர்கள், கணக்குத் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

மண்டல்_87 எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. முதலில் பழைய ஏற்பாட்டைப் பார்த்துவிடுவோம், அப்போதுதான் மாற்றம் புரியும்.

1959 சட்டப்படி இங்கே கிராமப் பஞ்சாயத்து, தாலுகா வளர்ச்சி வாரியம், மாவட்ட வளர்ச்சி மன்றம் என்று மூன்று இருந்தன. மாவட்ட மன்றத்துக்குத் தலைவர் கலெக்டர். இங்கே டெபுடி கமிஷனர், டி.சி. என்பார்கள். மன்றத்துக்கு ஆலோசனை சொல்வதுதான் வேலை. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் விவசாய ஆபீசும் தத்தம் துறைத் தலைமைக்குக் கட்டுப்பட்டு பெங்களூரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

1978இல் அசோக் மேத்தா குழு, மாவட்டத்தை முதன்மை அலகாக வைத்து, அதன் கீழே பல கிராமங்கள் சேர்ந்த மண்டல் பஞ்சாயத்து வைக்கச் சொன்னது. 1983இல் ராமகிருஷ்ண ஹெக்டே அரசு வந்தது. குண்டலுப்பேட்டைக்காரரான நஜீர் சாப் ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்துத் துறை மந்திரி ஆனார். அந்த வருடமே மசோதா வந்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் 1985இல், தேர்தல் 1987 ஜனவரியில், வேலை தொடங்கியது அந்த ஏப்ரலில். 19 ஜில்லா பரிஷத் (மாவட்டப் பஞ்சாயத்து), 2,500க்கு மேல் மண்டல் பஞ்சாயத்து. ஒரு மண்டலுக்கு 8,000 முதல் 12,000 வரை மக்கள்தொகை. பெண்களுக்கு 25 சதவீத இடம். நாடு முழுக்க மூன்றில் ஒரு பங்கு என்று அரசியல் சட்டத்தின் 73வது திருத்தம் சொன்னது 1993இல்தான்.

இதெல்லாம் வெளித்தோற்றம். உள்ளே நடந்த மாற்றம் டி.சி.யிடமிருந்து வளர்ச்சி வேலையை எடுத்தது. ஜில்லா பரிஷத் தலைவருக்கு ராஜாங்க மந்திரி அந்தஸ்து. அவருக்குக் கீழே தலைமைச் செயலாளர் என்ற பதவியில் ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி. அந்த அதிகாரி பணி மூப்பில் டி.சி.க்கு மேலே இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். டி.சி. வருவாய், சட்டம் ஒழுங்கோடு நின்றுகொண்டார். மூப்பு என்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆபீஸ் நடைமுறையில் யார் யாரைக் கூட்டத்துக்கு அழைக்கலாம் என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

காக்ஸ்டவுன்_2 எழுதியது:

சார், அந்தஸ்தும் மூப்பும் மேல்மட்டத்து விஷயம். கிராமத்தில் இருப்பவருக்கு அதனால் என்ன கிடைத்தது? ஒரு இடத்தில் வாங்கிய கமிஷனை இருபது இடத்தில் வாங்க வழி செய்ததுதான் பரவலாக்கம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் பதில் வேண்டும்.

வரவுசெலவு எழுதியது:

பணம் எந்தப் புத்தகத்தில் எழுதப்படுகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கர்நாடக பட்ஜெட்டோடு 'லிங்க் டாக்குமெண்ட்' என்று தனிப் புத்தகம் வருகிறது. மாநிலத் துறை, மாவட்டத் துறை என்று பட்ஜெட்டைப் பிரித்து, மாவட்டத் துறைப் பணம் எந்த மாவட்டத்துக்கு எந்தத் திட்டத்தில் எவ்வளவு என்று காட்டும் புத்தகம் அது. பட்ஜெட்டில் மொத்தமாக ஒரு தொகை, லிங்க் டாக்குமெண்டில் அதன் பிரிவு. கேரளத்தில் 1996 மக்கள் திட்டத்துக்குப் பிறகு பட்ஜெட்டின் பின்னிணைப்பு 4 இதே வேலையைச் செய்கிறது. சட்டசபையில் நிறைவேறும் புத்தகத்தில் ஒரு உள்ளாட்சியின் பெயருக்கு நேரே தொகை அச்சாகிவிட்டால், நடுவில் ஒரு இயக்குநர் அதைப் பிடித்து வைத்துக்கொள்வது கடினம். மாவட்டத்துக்கு வரவேண்டியது இவ்வளவு என்று உறுப்பினர் கையில் தாள் இருக்கும்.

அதைப் படிக்கும் விதம்: ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நான்கு இலக்கக் கணக்குத் தலைப்பு. 2202 பொதுக்கல்வி, 2210 மருத்துவம், 2215 குடிநீரும் சுகாதாரமும், 2515 மற்ற ஊரக வளர்ச்சித் திட்டங்கள். 2202இல் தொகை பெரிதாகத் தெரியும். ஏமாந்துவிடக் கூடாது, பெரும்பகுதி ஆசிரியர் சம்பளம். சம்பளம் போக மிச்சம் எவ்வளவு, அந்த மிச்சத்தில் எந்த வரியில் இருக்கும் தொகையை ஜில்லா பரிஷத் தன் தீர்மானத்தால் மாற்ற முடியும் என்று பார்த்தால்தான் அதிகாரத்தின் அளவு தெரியும். செலவழிக்காத தொகை மார்ச் 31இல் காலாவதி ஆகிவிடும் என்பதால், கடைசித் தவணை மார்ச் மாதம் வந்து சேர்ந்தால் அது காகிதத்தில் வந்த பணம்தான்.

மண்டல்_87 எழுதியது:

காக்ஸ்டவுன் தம்பிக்கு. ஊழல் கேள்வி அன்றே எழுந்தது. அரசே கே.எஸ். கிருஷ்ணசாமி தலைமையில் ஒரு மதிப்பீட்டுக் குழு போட்டு 1989இல் அறிக்கை வாங்கியது. அவர் ரிசர்வ் வங்கியில் துணை ஆளுநராக இருந்தவர்.

நடைமுறை என்ன? துறை ஊழியர்கள் ஜில்லா பரிஷத்தின் கட்டுப்பாட்டில் வந்தார்கள். முன்னால் ஒரு வாத்தியார் வராவிட்டால், ஊர்க்காரர் எழுதும் மனு தாலுகா கல்வி அதிகாரியிடம் போய், மேலே போய், எங்கோ தங்கும். 87க்குப் பிறகு அதே ஊரில் ஓட்டு வாங்கிய மண்டல் உறுப்பினர் பள்ளி வாசலில் நிற்கிறார். ஜில்லா பரிஷத் கூட்டத்தில் பள்ளியின் பெயரைச் சொல்லிக் கேட்கிறார். பதில் சொல்ல வேண்டிய அதிகாரி அதே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஆசிரியர், டாக்டர் வருகை கூடியது இப்படித்தான். ஊழல் ஒழிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எஸ்டிமேட் மாவட்டத்திலேயே போடப்பட்டதால், இந்தச் சாக்கடைக்கு இவ்வளவா என்று கேட்க ஆள் இருந்தது. பெங்களூரில் முடிவாகும் டெண்டரைப் பற்றி கொள்ளேகாலத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

கேஆர்புரம்_வால்வு எழுதியது:

நீர் சாப் என்ற பெயருக்குப் பின்னால் இருக்கும் இயந்திரத்தையும் பேச வேண்டும். அடிபம்பைக் கழற்றிப் பார்த்தால் பஞ்சாயத்துக்கு ஏன் பல மட்டம் வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் கருங்கல் பூமி முழுக்க இறக்கியது இந்தியா மார்க் 2. மேலே கைப்பிடியும் சங்கிலியும், கீழே 32 மி.மீ. ஜி.ஐ. குழாய் 3 மீட்டர் நீளத் துண்டுகளாக, உள்ளே 12 மி.மீ. கம்பி, அடியில் பித்தளை உறை போட்ட சிலிண்டர். சிலிண்டருக்குள் பிஸ்டனில் தோல் வாஷர். அடிக்கடி தேய்வது அந்த வாஷர்தான். விலை அற்பம். அதை மாற்ற வேண்டுமானால் மார்க் 2இல் குழாய் முழுவதையும் மேலே இழுக்க வேண்டும். சிலிண்டர் 30 மீட்டரில் இருந்தால் 10 குழாய். குழாய், கம்பி, உள்ளே நிற்கும் தண்ணீர் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் தொங்கும். இழுக்கும்போது பிடி நழுவினால் மொத்தமும் போர்வெல்லுக்குள் போய்விடும். அதனால் கிளாம்பும் தூக்கும் கருவியும் பழகிய ஆட்களும் வேண்டும். சங்கிலிக்கு கிரீஸ் போடுவதும், அச்சாணி போல்ட் முறுக்குவதும் ஊரில் ஒருவர் செய்யலாம்.

இதற்காகத்தான் 70களில் தமிழ்நாட்டில் மூன்றடுக்குப் பராமரிப்பு முறை உருவானது. பம்புக்கு ஒரு ஊர்ப் பொறுப்பாளர், 100 பம்புக்கு ஒன்றிய மெக்கானிக், 500 பம்புக்கு மாவட்ட நடமாடும் குழு. எந்தப் பழுது எந்த மட்டத்தில் சரியாகும் என்று பார்த்துப் பிரித்த பிரிவு. பின்னால் வந்த மார்க் 3இல் குழாயை 65 மி.மீ. ஆக்கினார்கள், பிஸ்டனைக் கம்பியோடு மட்டும் வெளியே எடுத்துவிடலாம். கருவி மாறியதும் மாவட்டத்தின் வேலை ஊருக்கு இறங்கியது.

துறை கையில் இருந்தபோது என்ன கெட்டது என்றால், போர் போட்டதும் கணக்கு முடிந்துவிடும். 250 பேருக்கு ஒரு பம்பு, ஆளுக்கு நாளைக்கு 40 லிட்டர் என்பது விதி. எத்தனை போர் போட்டோம் என்பது அறிக்கை. அதில் எத்தனை பம்பில் இன்று தண்ணீர் வருகிறது என்று கேட்பவர் இல்லை. பொறியியல் பிரிவு ஜில்லா பரிஷத்தின் கீழே வந்ததும் அந்தக் கேள்வியை மாதக் கூட்டத்தில் கேட்க முடிந்தது.

காக்ஸ்டவுன்_2 எழுதியது:

அப்படியே போர்வெல்லாகப் போட்டுத்தானே நிலத்தடி நீர் 1,000 அடிக்குப் போனது? கோலார் பக்கம் ஃபுளோரைடு வேறு.

கேஆர்புரம்_வால்வு எழுதியது:

அடிபம்பு அதைச் செய்யவில்லை அண்ணா. நிமிடத்துக்கு 40 தடவை அடித்தால் கிடைப்பது 12 முதல் 16 லிட்டர். 50 மீட்டருக்குக் கீழே தண்ணீர் போனால் வழக்கமான மார்க் 2 சரிப்படாது. ஆழத்துக்குப் போனது பாசன மோட்டாரும், நகரத்தின் டேங்கர் லாரியும். ஃபுளோரைடு கவலை நியாயமானது. கருங்கல் வெடிப்பில் ஆழத்து நீர் பாறையோடு நெடுங்காலம் கிடப்பதால் ஃபுளோரைடு ஏறுகிறது. அதற்குத் தீர்வு ஏரி நிரப்புவதும் தண்ணீர் பரிசோதனையும். இரண்டையும் பஞ்சாயத்து எல்லைக்குள் மட்டும் வைத்துச் செய்ய முடியாது, ஏரிக்கு நீர் வரும் கால்வாய் நாலு பஞ்சாயத்தைத் தாண்டி வரும். இந்த மாதிரி வேலைக்கு மாவட்ட மட்டம் கட்டாயம் வேண்டும்.

அல்சூர்_வாசகி எழுதியது:

இவ்வளவு நன்றாகப் போனது என்றால் ஏன் விழுந்தது?

மண்டல்_87 எழுதியது:

எம்.எல்.ஏ.க்களால். கட்சி பேதமே இல்லை. ஊருக்கு ரோடு, பள்ளிக்கட்டடம், வாத்தியார் மாற்றல் என்று எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நின்ற கூட்டம் ஜில்லா பரிஷத் தலைவர் வாசலுக்கு மாறியது. நஜீர் சாப் இதை எதிர்பார்த்தே தாலுகா பஞ்சாயத்து சமிதிக்கு எம்.எல்.ஏ.வைத் தலைவராக வைத்தார். அந்தச் சமிதிக்கு நேரடித் தேர்தல் கிடையாது, மேற்பார்வை வேலை மட்டும். அதிகாரத்தைக் கீழே கொடுத்துவிட்டு மரியாதையை நடுவில் கொடுத்த சமரசம். அது போதவில்லை.

1988 அக்டோபரில் அவர் காலமானார். சட்டம் நடைமுறைக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. மந்திரிசபைக்குள் அதற்காகச் சண்டை போட ஆள் இல்லாமல் போனது. 1989இல் ஆட்சி மாறியது. 1992 தொடக்கத்தில் பதவிக்காலம் முடிந்ததும் தேர்தல் நடத்தாமல் நிர்வாக அதிகாரிகளை உட்கார வைத்தார்கள். பிறகு 73வது திருத்தத்துக்கு ஏற்ப 1993 மே மாதம் புதுச் சட்டம் வந்தது. மண்டல் போய், 5,000 முதல் 7,000 பேருக்கு ஒரு கிராமப் பஞ்சாயத்து. தாலுகாவுக்கு நேரடித் தேர்தல். ஜில்லா பரிஷத்தின் தலைமைச் செயலாளர் பெயர் மாறி தலைமை நிர்வாக அதிகாரி, சி.இ.ஓ. ஆனார்.

அரசியல் சட்டப் பாதுகாப்பு வந்த அதே வருடம், மாவட்டத்தில் இருந்த பலம் குறைந்தது. கர்நாடகத்தைப் பொறுத்தவரை இதை மறக்கக் கூடாது. பிறகு ரமேஷ் குமார் குழுவின் பரிந்துரையில் சட்டத்தைத் திருத்தி 'கிராம சுவராஜ்' என்று பெயரிலேயே சேர்த்தார்கள், பெண்கள் இடம் அதற்கு முன்பே 50 சதவீதம் ஆகியிருந்தது. இதெல்லாம் நல்லவை. அரசியல் சட்டம் பட்டியலிட்ட 29 துறைகளும் பஞ்சாயத்துக்கு என்று தாளில் வந்தாயிற்று. ஆனால் ஜில்லா, தாலுகா பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் 2021இல் முடிந்தபோது தேர்தல் வரவில்லை. தொகுதி பிரிக்கும் வேலையை மாநிலத் தேர்தல் ஆணையத்திடமிருந்து எடுத்து, அதற்கென ஒரு ஆணையத்துக்குக் கொடுத்தார்கள். வருடங்கள் போயின.

வரவுசெலவு எழுதியது:

இதில் நேரடியான நஷ்டம் உண்டு. 15வது நிதி ஆணையம் உள்ளாட்சி மானியத்தில் கிராமப் பஞ்சாயத்துக்கு 70 முதல் 85 சதவீதம், இடைமட்டத்துக்கு 10 முதல் 25, மாவட்டத்துக்கு 5 முதல் 15 என்று வரம்பு வைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லாவிட்டால் அந்தப் பங்கு வராது என்பது விதி. தேர்தலைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடமும் தாலுகா, மாவட்டப் பணம் தில்லியிலேயே தங்கிவிட்டது.

அந்த ஆணையத்தின் 2021–26 காலத்தில் வந்த பணத்திலும் 60 சதவீதம், குறித்த வேலைக்கே செலவிட வேண்டிய கட்டுண்ட மானியம்: பாதி குடிநீருக்கு, பாதி சுகாதாரத்துக்கு. மிச்ச 40இல்தான் பஞ்சாயத்து தன் விருப்பப்படி செய்ய முடிந்தது, சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது என்று இருந்தது. தெருவிளக்கு, குடிநீர் மோட்டார் கரண்ட் பில் வேறு கழுத்தைப் பிடிக்கும். சொந்த வரி வசூல் இல்லாத பஞ்சாயத்துக்கு சுய அதிகாரம் என்பது இந்த 40இல் ஒரு துண்டாகத்தான் இருந்தது.

ஓசூர்_ரோடு எழுதியது:

தமிழ்நாட்டு வழக்கத்தை வைத்து இங்கே வரும் நம்மவர்கள் ஒரு இடத்தில் தடுமாறுகிறார்கள், அதைச் சொல்லிவிடுகிறேன். அங்கே ஊராட்சித் தலைவர்தான் செயல் அதிகாரி. செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் கையெழுத்துப் போடுவார்கள், ஊராட்சிச் செயலருக்கு அந்த இடம் இல்லை. கர்நாடகத்தில் பி.டி.ஓ. என்ற பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரியும் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அத்திப்பள்ளி, சந்தாபுரம் பக்கம் வீடு வாங்குபவர் தலைவரைப் பார்த்துவிட்டால் காரியம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார். சொத்துக்கு இ-சொத்து முறையில் படிவம் 9, 11ஏ கொடுப்பது பி.டி.ஓ.வின் டிஜிட்டல் கையெழுத்தில். கையில் இருப்பது 11பி என்றால் முழு அனுமதி இல்லாத சொத்து என்று அர்த்தம்.

கையெழுத்து இரண்டு பேருக்குப் பிரிந்திருப்பதில் நன்மையும் உண்டு. தலைவர் பதவி 30 மாதத்தில் மாறும், பி.டி.ஓ. கணக்கைத் தொடர்ந்து வைத்திருப்பார். கெடுவது எங்கே என்றால், ஒரே பி.டி.ஓ.வுக்கு இரண்டு பஞ்சாயத்துப் பொறுப்பு கொடுக்கும்போது. வாரத்தில் பாதி நாள் ஆபீஸ் பூட்டியிருக்கும். பில் நிற்கும். தலைவரைத்தான் ஜனங்கள் திட்டுவார்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் கிராம சபைக்கு நாள் குறித்திருக்கிறது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1. இங்கே கிராம சபைக்கு முன்னால் வார்டு சபை நடக்க வேண்டும். ஊர்த் தேவையைச் சொல்ல வேண்டிய இடம் வார்டு சபைதான், கிராம சபைக்கு வந்து சொன்னால் பட்டியல் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்பார்கள். வார்டு சபையே நடக்காமல் கையெழுத்துப் புத்தகம் வீடு வீடாகப் போவதும் நடக்கிறது. அதைப் பிடிக்க எளிய வழி: தீர்மானப் புத்தகத்தில் வேலையின் பெயர் பொதுவாக 'ரோடு, சாக்கடை' என்று இருக்கிறதா, யார் வீட்டிலிருந்து யார் வீடு வரை எத்தனை மீட்டர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜனங்கள் உட்கார்ந்து பேசிய கூட்டத்தில் வீட்டுப் பெயர் வராமல் இருக்காது.

அல்சூர்_வாசகி எழுதியது:

பெங்களூருக்குள் வருவோமா? இங்கே எதைப் பார்ப்பது?

மண்டல்_87 எழுதியது:

அதே அளவுகோல்தான் அம்மா. ஊழியர் யார் கட்டுப்பாட்டில்? பணம் யார் பெயரில் எந்தப் புத்தகத்தில்? அதிகாரி யாருக்குக் கீழே? நஜீர் சாப் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் நகர்த்தினார். ஒன்றை மட்டும் நகர்த்தினால் மற்ற இரண்டும் அதைத் திரும்ப இழுத்துவிடும்.

2007இல் பழைய மாநகராட்சியோடு 7 நகரசபை, 1 டவுன் முனிசிபாலிடி, 110 கிராமங்களைச் சேர்த்து பி.பி.எம்.பி. என்ற பெருநகர மாநகராட்சி வந்தது, 198 வார்டு. கவுன்சிலின் காலம் 2020 செப்டம்பர் 10ஆம் தேதி முடிந்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் நிர்வாக அதிகாரிதான். அரசியல் சட்டம் 243யூ பிரிவு, காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்தச் சொல்கிறது. 2006இல் கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் வார்டு பிரிப்பு போன்ற காரணங்களைச் சொல்லித் தள்ளக் கூடாது என்றது. ஆனாலும் தள்ளிப்போனது.

2024ஆம் ஆண்டின் கிரேட்டர் பெங்களூரு நிர்வாகச் சட்டம் 2025 மே 15 முதல் அமலில் இருக்கிறது. செப்டம்பர் 2 முதல் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று 5 மாநகராட்சி. அவற்றுக்கு மேலே கிரேட்டர் பெங்களூரு ஆணையம். அதற்குத் தலைவர் முதலமைச்சர், துணைத் தலைவர் பெங்களூரு வளர்ச்சி மந்திரி. சின்ன மாநகராட்சி என்பதால் கமிஷனர் பக்கத்தில் இருப்பார், இது வசதி. ஆணையத்தின் தலைமைப் பொறுப்பு மந்திரிகளிடம் இருக்கிறது, இது 87இன் நேர் எதிர்த்திசை. அன்று மந்திரி தன் அதிகாரத்தை மாவட்டத் தலைவருக்கு எழுதிக் கொடுத்தார்.

கேஆர்புரம்_வால்வு எழுதியது:

குடிநீர் வாரியம் 1964 முதல், நகர வளர்ச்சி ஆணையமான பி.டி.ஏ. 1976 முதல், பஸ் 1997 முதல், கரண்ட் 2002 முதல் தனித்தனி அமைப்புகள். கவுன்சிலர் வந்தாலும் இவற்றுக்கு உத்தரவு போட முடியாது.

ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி தார் போடுகிறது, மூன்றாம் மாதம் குடிநீர் வாரியம் குழாய்க்குத் தோண்டுகிறது, பிறகு கேபிளுக்குத் தோண்டுகிறார்கள். எல்லோரும் குறை சொல்வது வார்டு என்ஜினீயரை. வெட்டியதை மூடும் பணம் டெபாசிட்டாக மாநகராட்சிக்கு வந்துவிடுகிறது, திரும்ப மூடும் வேலை தனி டெண்டர். நடுவில் இருக்கும் நாட்களில்தான் பள்ளம். 110 கிராமங்களில் இது இன்னும் மோசம். பஞ்சாயத்தாக இருந்தபோது போர்வெல்லுக்கு ஒரு வாட்டர்மேன், தெருவுக்கு எத்தனை மணிக்கு வால்வு திறப்பது என்று அவருக்குத் தெரியும். நகரத்தில் சேர்த்ததும் கேட்கும் ஆள் மாறிப்போனார். நாளைக்கு 775 மில்லியன் லிட்டர் கொண்டுவரும் காவிரி 5ஆம் கட்டம் 2024 அக்டோபரில்தான் திறந்தது.

வார்டு கமிட்டி கூட்டத்துக்குக் குடிநீர் வாரிய உதவி என்ஜினீயரும் மின்சாரப் பிரிவு அதிகாரியும் கட்டாயம் வர வேண்டும், வந்தால் கையெழுத்து, வராவிட்டால் அதையும் நிகழ்ச்சிக் குறிப்பில் எழுத வேண்டும். இந்த ஒன்றைப் பிடித்தால் போதும், பாதி பள்ளம் குறையும்.

ஓசூர்_ரோடு எழுதியது:

அக்கா, வார்டு கமிட்டி யாரோ தரும் சலுகை இல்லை. 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரத்துக்கு 243எஸ் பிரிவு கட்டாயமாக்கியது. 2018 கடைசியிலிருந்து மாதத்தின் முதல் சனிக்கிழமை கூட்டம் என்ற வழக்கம் இங்கே வந்தது. கவுன்சிலர் இல்லாத காலத்தில், வார்டுக்குப் பொறுப்பாக வைக்கப்பட்ட நோடல் அதிகாரி தலைமையில் நடந்தபோது, முடிவை அமல்படுத்த வேண்டியவரும் கூட்டத்தை நடத்துபவரும் ஒரே ஆபீஸ்காரர் ஆகிவிட்டார்.

வரவுசெலவு எழுதியது:

இப்போது பணம். பெங்களூரு வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை எண் உண்டு. பி.பி.எம்.பி. முறையில் முதல் பகுதி வார்டு எண், அடுத்த இரண்டு இலக்கம் வருடம், கடைசி ஆறு இலக்கம் வரிசை. இந்த எண் இல்லாமல் எந்த ஆபீசிலும் பேச முடியாது. இதைக் கையில் வைத்துக்கொண்டால் எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்.பி. எனும் அளவுப் புத்தகம், பில் நான்கும் ஒரே நூலில் வரும்.

டெண்டருக்குக் கர்நாடகத்தில் 1999 வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. அதில் 4ஜி பிரிவு, அரசு அறிவிக்கும் குறிப்பிட்ட வேலைகளை டெண்டர் இல்லாமல் கொடுக்க விலக்கு தருகிறது. உங்கள் வார்டில் எத்தனை வேலை 4ஜியில் போயிருக்கிறது என்று எண்ணுங்கள். இன்னொரு தந்திரம், ஒரே தெருவை மூன்று வேலையாக உடைத்து டெண்டர் வரம்புக்குள் அடக்குவது. வேலை எண்கள் தொடர்ச்சியாக இருக்கும், தொகைகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கும்.

அளவைச் சரிபார்க்க ஒரு கணக்கு. 200 மீட்டர் தெரு, 5 மீட்டர் அகலம், மேல்தார் 40 மி.மீ. என்று எம்.பி.யில் இருந்தால் 200 பெருக்கல் 5 பெருக்கல் 0.04, ஆக 40 கனமீட்டர். அமுக்கிய தார்க்கலவை கனமீட்டருக்கு 2.3 முதல் 2.4 டன். ஏறக்குறைய 94 டன் வந்திருக்க வேண்டும். 10 டன் டிப்பர் என்றால் 9, 10 லோடு. ஐந்து லோடு மட்டுமே வந்தது என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் கனம் 20 மி.மீ.தான். கலவை ஆலையின் லோடு சீட்டு பில்லோடு இருக்க வேண்டும், அதைக் கேளுங்கள்.

காக்ஸ்டவுன்_2 எழுதியது:

இது உபயோகமான கணக்கு. தேர்தல் வந்து கவுன்சிலர் உட்கார்ந்தாலும் இந்தத் தாள் கையில் இல்லாவிட்டால் அவர் பேச்சும் எடுபடாது என்பதை ஏற்கிறேன். நான் சந்தேகப்பட்டது தலைவர் பதவியைப் பெரிதாக்கினால் போதுமா என்பதை. ஊழியரும் பணமும் சேர்ந்து இறங்கினார்கள் என்று முதலிலேயே தெரிந்திருந்தால் கேள்வியை வேறு மாதிரி கேட்டிருப்பேன். அளவுப் புத்தகத்தை எப்படி வாங்குவது?

அல்சூர்_வாசகி எழுதியது:

தகவல் உரிமை மனுவுக்கு ஒரு வரைவு போடுகிறேன், திருத்துங்கள்:

'... வார்டில் 2023 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை நடந்த எல்லா ரோடு வேலைகள் தொடர்பான எல்லா ஆவணங்களின் நகலும், ஒவ்வொரு வேலையும் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற விளக்கமும், வார்டு கமிட்டிக் கூட்டக் குறிப்புகளும் வேண்டும்.'

வரவுசெலவு எழுதியது:

இந்த மனு திரும்பி வரும் மேடம். கர்நாடக விதிப்படி ஒரு மனுவுக்கு ஒரே விஷயம், 150 சொல்லுக்குள். கூட்டக் குறிப்பு தனி விஷயம், தனி மனு, இன்னொரு 10 ரூபாய். 'ஏன்' என்று கேட்டால் அது தகவல் ஆகாது என்பார்கள். பதிவாகியிருப்பதைத்தான் கேட்க முடியும். 'எல்லா ஆவணங்களும்' என்றால் ஆயிரம் பக்கம், பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லி நிறுத்திவிடுவார்கள்.

இரண்டு கட்டமாகப் போங்கள். முதல் மனுவில் அந்த வருடத்து வேலைப் பட்டியல் மட்டும்: வேலை எண், பெயர், மதிப்பீட்டுத் தொகை, ஒப்பந்தக்காரர், பில் தேதி. பட்டியல் வந்ததும் அதிலிருந்து ஒரே ஒரு வேலையை எடுத்து இரண்டாவது மனு: அந்த வேலை எண்ணின் மதிப்பீடு, வேலை உத்தரவு, அளவுப் புத்தகப் பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை. கன்னடத்தில் அல்லது ஆங்கிலத்தில் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

கேஆர்புரம்_வால்வு எழுதியது:

ஒரு சேர்க்கை. இரண்டாவது மனுவில் ஆவணத்தை நேரில் பார்வையிடவும் அனுமதி கேளுங்கள், அது சட்டத்திலேயே இருக்கும் உரிமை. நகலில் பென்சில் திருத்தம் தெரியாது, அசல் அளவுப் புத்தகத்தில் தெரியும். போகும்போது 30 மீட்டர் டேப் கொண்டு போங்கள். திரும்பும் வழியிலேயே தெருவை அளந்துவிடலாம்.